சீட்டின் கீழ்மூலை

முத்துநாயகத்துக்கு ஹரிகுமார் சார் மேல் உள்ள கடுப்பு 2004-ல் தொடங்கியது. ஆரல்வாய்மொழியில் முத்துநாயகம் பழுது பார்த்துவந்த மின்சாரக் காற்றாடி ஒன்றின் கியர்பாக்ஸில் எண்ணெய் கசிந்தது. கோபுரத்தில் ஒருநாளும் ஏறாத ஹரிகுமார், நாகர்கோவில் ஆபீசில் உட்கார்ந்தபடி, "ஒரு மணி நேர வேலைதானே" என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். கணவாய்க் காற்றில் ஏணியைப் பற்றித் தொங்கி, காற்று தணியக் காத்துக் கிடந்து, முத்துநாயகம் வேலையை முடித்து இறங்க நாலு மணி நேரமானது. ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினார்கள்: 'தாமதம் - முத்துநாயகம்.' பதினொரு ஆட்கள் முன்னால் அதை வாசிக்கவும் செய்தார்கள். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்தான். அந்த இரண்டு வார்த்தையைச் சாகும்வரை ஞாபகம் வைக்க அந்தப் படிப்பு போதும்.

எட்டு வருஷம் கழித்து, காற்றாடிப் பழுதுகளைப் போனிலேயே பதிய ஒரு சாப்ட்வேர் வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. பழுது தெரிந்த ஆள் கூட இருக்கட்டும் என்று ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை முத்துநாயகத்தை அனுப்பினார்கள். சாப்ட்வேர் செய்கிறவர்கள் இருந்தது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில். நாலே பேர். பொறுப்பு ஸ்மிதாவுக்கு.

கருங்கல் ஊர்க்காரி. அப்பா டெம்போ ஓட்டினார். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள். எந்த பஸ் காலை வாரினாலும் "பஸ் பிந்திச்சு" என்று சொல்ல மாட்டாள். "நான் பிந்திட்டேன்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே முத்துநாயகம் அவளை மதித்தார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு துண்டா செஞ்சு காட்டுவோம் அண்ணாச்சி. இதுக்கு அஜைல்னு பேரு."

"அசில் கோழியா?"

"இது கொத்தாது, பயப்படாதீங்க."

சுவர்ப் பலகையில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, செய்கிறவர் பேர், கீழ்மூலையில் எத்தனை நாள் ஆகும் என்பது. அந்த மூலையில் செய்கிறவர்தான் எழுத வேண்டும். ஸ்மிதாகூட அடுத்தவர் சீட்டைத் தொட மாட்டாள். முத்துநாயகத்துக்கு அது மனசுக்குப் பிடித்துப்போய், டீ வரும்போதெல்லாம் 2004 கதையை எடுத்துவிட்டார்.

சித்திரை முடிகிற சமயம், முத்துநாயகம் மாடியில் இருந்தபோது ஹரிகுமார் போன் செய்தார். இப்போது அவர் மேனேஜர். "காத்து தொடங்கப்போகுது. பத்து நாள்ல முழுசும் கிடைக்குமாவே? இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன்."

முத்துநாயகம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பச்சையும் சிவப்புமாக எல்லாம் மின்னியது. "கிடைக்கும் சார்."

போனை வைத்தபோது மாடியில் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க இந்தக் கோபுரத்துல ஏறியிருக்கியளா?" என்று கேட்டாள் ஸ்மிதா.

"எந்தக் கோபுரம்?"

"நாங்க ஏறிட்டிருக்கதாக்கும்."

சுருக்கென்றது. அதனாலேயே கத்தினார். "விரலால தட்டுததும் கம்பியில தொங்குததும் ஒண்ணா மக்கா? காத்து உனக்காக நிக்குமா?"

அவள் மிச்சமிருந்த சீட்டுகளைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தாள். "ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்ததைத் தொட முடியும். மூலையைக் கூட்டிப் பாருங்க."

கூட்டினார். இருபத்திமூன்று. இன்னொரு தடவை கூட்டினார். இருபத்திமூன்றேதான். பத்தாம் நாள் வேலை கைவிட்டுப் போகும். நாலு பேரும் வீட்டில் இருப்பார்கள். தாமதம் என்று எழுதப்போகிற பேர் ஸ்மிதா. எழுத வைத்தவர் முத்துநாயகம்.

அவர் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள். "காத்து தொடங்குத அன்னைக்கு உங்களுக்கு எது இல்லாம முடியாது?"

"எந்தக் காத்தாடி நிக்குது. எவன் மேல இருக்கான். இது ரெண்டும்."

அவள் பக்கத்து மேசைச் சஜினைப் பார்த்தாள். அந்த இரண்டையும் செய்கிறவன் அவன். அவன் கொஞ்சம் யோசித்து, "ஒம்பது நாளு" என்றான்.

முத்துநாயகம் போனை எடுத்தார். "சார், நான் சொன்னது தப்பு. செய்யுதவங்ககிட்ட கேக்காம சொல்லிட்டேன். முழுசுக்கு இருவத்திமூணு நாளு ஆகும். அவசியமான ரெண்டும் ஒம்பது நாள்ல வரும். மீதி துண்டு துண்டா வரும்."

"பின்னே எதுக்குவே கிடைக்கும்னு சொன்னீரு?"

"ரெண்டாயிரத்து நாலுல நீங்க ஒரு மணி நேரம்னு எதுக்குச் சொன்னியளோ, அதுக்குத்தான்."

ஹரிகுமார், "அந்த ரிஜிஸ்டரை நீரு இன்னும் விடலியா?" என்றார். பிறகு, "சரி, ஒம்பது. பத்தாம் நாளு நானே வந்து பாப்பேன்."

வந்தார். போனில் சிவப்பாக, 'பதினேழாம் காற்றாடி நிற்கிறது. மேலே: ராஜமணி' என்று தெரிந்தது. "ஒரு அரை மணி..." என்று ஆரம்பித்த ஹரிகுமார் நிறுத்திக்கொண்டார். "எவ்வளவு நேரம் ஆகும்வே?"

"எனக்கென்ன தெரியும்? ராஜமணிட்ட கேளுங்க சார்."

கேட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவை.

2014-ல் ஸ்மிதாவுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. கடைசி வெள்ளிக்கிழமை, மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு மஞ்சள் சீட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை எனக்க இடத்துக்கு லட்சுமிப்ரியான்னு ஒரு பிள்ளை வாறா. அவ பேரை நீங்க எழுதிப் பலகையில ஒட்டுங்க. எங்ககிட்ட வேலை வாங்குத கம்பெனி ஆளு கையால ஒட்டினா இங்க ஒருத்தரும் அதுல கை வைக்கமாட்டாவ. பேரு நீளமாக்கும், பாத்து எழுதுங்க. மூலையை மட்டும் வெறுமையா விட்டிருங்க. அதை அவ வந்து எழுதட்டு."