கையில் கொடுத்த எள்

வறுத்த எள் வாசனையிலேயே ஊரைக் கூட்டிவிடும், வறுக்காத எள்ளுக்கு வாசனையே கிடையாது என்பார்கள். அது பொய். ஊற வைத்து, தோல் போகத் தேய்த்துக் கழுவி, தேங்காயோடு ஆட்டுக்கல்லில் அரைத்த பச்சை எள்ளுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்ட மறுநாள் காப்பிச் செடிக்கு அடியில் கிடக்கும் ஈரச் சருகைப் புரட்டினால் வருமே, அதில் கொஞ்சம் பால் கலந்த மாதிரி. நான் ஐந்தாவது படித்த வருஷம், காலாண்டு லீவில் தொடங்கி கிறிஸ்துமஸ் நெருங்கும் வரைக்கும் அந்த வாசனை என் அம்மாவின் விரல்களில் இருந்தது. எனக்குத் தலை வாரும்போதும் இருந்தது. ஆனால் அது எனக்காக வந்த வாசனை இல்லை. எழிலனுக்காக வந்தது.

எழிலன் யார் என்று நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியுமா தெரியவில்லை. எங்கள் மலையில் நாகலூர் போகும் வழியில் இருந்த ஓட்டு வீடு ஒன்றைச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் வாடகைக்கு எடுத்தது. அப்பா, அம்மா, என் வயதில் ஒரு பையன். நெருப்பில் வெந்த எதையும் அவர்கள் தொடமாட்டார்கள். காய், பழம், தேங்காய், ஊறிய கடலை, எல்லாவற்றுக்கும் மேலே எள். பையனுக்கு மூச்சிரைப்பு இருந்தது. மலைக்காற்றும் பச்சை உணவும் சேர்ந்தால் அது ஓடிவிடும் என்று அவன் அப்பா நம்பினார். அந்த வீட்டுக்குத்தான் என் அம்மா சமையல் வேலைக்குப் போனாள். அடுப்பே இல்லாத வீட்டுக்குச் சமையல்காரி.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இதைவிடப் பெரிய வேடிக்கை அந்த வருஷம் கிடைக்கவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அம்மாவை வழியில் நிறுத்தியே கேட்டார். "ஏனுங்க, அடுப்பில்லாத ஊட்டுல என்னத்தச் சமைக்கறீங்க?"

"ஊற வெக்கறனுங்க" என்றாள் அம்மா.

"ஊற வெச்சு?"

"அப்புறம் வடிகட்டறனுங்க."

லீவு நாட்களில் என்னையும் கூட்டிப் போவாள். கழுவிய எள்ளை வெள்ளைத் துணியில் பரப்பி, பனி விலகி வெயில் எட்டிப் பார்க்கும் அரைமணி நேரத்துக்குள் காய வைக்க வேண்டும். குருவி விரட்டுவது என் வேலை. நான் விரட்டுவதை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா வெளியே வந்து, "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குடா காயுது?" என்பாள். அந்த வீட்டில் எள் எண்ணெய்க்குக்கூடக் காயவில்லை. எள் எள்ளாகவே வாழ்ந்த ஒரே வீடு அது. ஆனால் எலிப்புழுக்கை எதற்குக் காய்ந்தது என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே அவள் எழிலனுக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள்.

அரைத்த எள்ளோடு பேரீச்சம்பழமும் தேனும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுவாள். எழிலன் லேசில் சாப்பிடமாட்டான், கசக்கிறது என்பான். உருண்டைக்காக அவன் கையை நீட்டினால் அம்மா கொடுக்கமாட்டாள். எள்ளைக் கைக்குக் கை மாற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. "எள்ளக் கையில குடுத்தா ஒறவு அத்துப் போயிரும் கண்ணு. அரைச்சாலும் எள்ளு எள்ளுதான். வாயத் தொற" என்று சொல்லி, ஒவ்வொன்றாக வாயில் வைப்பாள். கீழே வைத்தால் எடுத்துத் தின்னமாட்டானாம். துரைக்கு வாய்க்கே வர வேண்டும்.

அவனுக்குக் "கண்ணு". எனக்கு "டேய்". நல்ல மனநிலையில் இருந்தால் "எரும".

இன்னொன்றும் என்னை அரித்தது. எங்கள் வீட்டில் இட்லிப்பொடிக்கு எள் வறுக்கும்போது நான் போய் நின்றால், அம்மா முறத்தில் ஆற வைத்ததில் ஒரு பிடி அள்ளி நேராக என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, "ஓடு" என்பாள். தட்டு கிடையாது, கீழே வைப்பது கிடையாது, ஊட்டுவது கிடையவே கிடையாது. அவனோடு உறவு அறக்கூடாது என்று அத்தனை ஜாக்கிரதை. என்னோடு அறுந்தால் பரவாயில்லையா? பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வீட்டுக்கணக்கும் ஒழுங்காக விடை வந்ததில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் விடை பளிச்சென்று வந்தது. அம்மாவுக்கு என்னைவிட அவனைப் பிடித்திருக்கிறது.

நாளுக்கு நாள் எழிலனின் கன்னம் சிவந்தது. எள்ளால் சிவந்தது என்று அவன் அப்பா பூரித்தார். எனக்கென்னவோ என் அம்மாவின் விரல் பட்டுச் சிவந்தது மாதிரியே இருந்தது.

அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் காய்ந்துகொண்டிருந்த எள்ளில் ஒரு கை அள்ளி எழிலனின் கையில் திணித்தேன். "இதக் கொண்டு போயி எங்கம்மா கையில குடு. கீழ வெக்காத, கையிலயே குடு. சின்னப்புள்ளைங்க குடுத்தா ஒண்ணும் அறாது. இனிமே நானே அள்ளித் திங்கறேன்னு சொல்லு, நொம்ப சந்தோசப்படுவாங்க" என்றேன். அவன் என்னை நம்பினான். அப்படிப்பட்ட நல்ல பையன். அதுவும் எனக்குப் பிடிக்காத குணம்தான்.

ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய், "அத்தை, கையை நீட்டுங்க" என்றான். ஏதோ பூவோ பூச்சியோ காட்டப் போகிறான் என்று அவளும் நீட்டினாள். எள் விழுந்தது. கதவுக்குப் பின்னால் நான் அறுகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன்.

அம்மா உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அவன் புறங்கையில் வலிக்காமல் ஒரு கிள்ளு கிள்ளினாள். "நீயும் என்னக் கிள்ளு கண்ணு. கிள்ளுனா அறாது, ஒட்டிக்கும்" என்றாள். அவனும் கிள்ளினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் விஷத்தைக் கண்டுபிடித்த கையோடு மருந்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"யாரு சாமி இப்பிடிக் குடுக்கச் சொன்னது?"

அவன் கதவைக் காட்டினான்.

அம்மா என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு இறங்கி வரும் வழியில், முந்தானை முடிச்சை அவிழ்த்து, எழிலன் கொடுத்த அதே எள்ளை எடுத்து என் கையில் கொட்டினாள். கிள்ளவில்லை. "தின்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் தின்னவில்லை. விரலைத் திறந்தால் அறுந்துவிடும் என்று வீடு வரைக்கும் மூடியே கொண்டுவந்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவும் இல்லை. பேசாததால் உறவு அறுந்தது உண்மைதான் என்று எனக்கே நிரூபணமாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போனார்கள். அம்மா பஸ் மறையும் வரை நின்றாள். அவள் கண் துடைத்ததைக்கூட நான் மறக்கவில்லை, எத்தனை தடவை என்பது உட்பட.

ஒன்பதாவதோடு நான் படிப்பை முடித்து, இப்போது மலைமேல் மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். அந்த ஓட்டு வீடு ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. அடுப்பில்லாத வீட்டின் பின்கட்டில் சனிக்கிழமை தோறும் கோழி சுடுகிறார்கள். ஆட்டுக்கல்லின் குழியில் மண் போட்டுப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அம்மாவும் மிக்ஸிக்கு மாறிவிட்டாள். அவள் விரலில் அந்த வாசனை இல்லை, பாத்திரம் கழுவும் சோப்புதான் மணக்கிறது.

போன மாதம் எழிலன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வளர்ந்து, மீசை வைத்து, நல்ல வாட்டசாட்டமாக. வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்ததாகக் கூசாமல் சொன்னான். அவன் வருவது தெரிந்து அம்மா முதல்நாளே எள் ஊற வைத்திருந்தாள். "வா கண்ணு" என்றாள். எனக்குள் பழைய எலிப்புழுக்கை காய ஆரம்பித்தது.

அவனுக்குத் தட்டில் உருண்டைகளை வைத்தாள். ஒன்றை எடுத்து, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் கையில் போட்டாள்.

இத்தனை வருஷம் அடக்கியதை அன்று கேட்டுவிட்டேன். "ஏம்மா, அவனுக்குத் தட்டு, எனக்குக் கையா? அன்னிக்கும் இப்பிடித்தான் குடுத்த. ஒரு கிள்ளுகூடக் கிள்ளல. என்னோட அத்துப் போனாப் பரவால்லையா?"

அம்மா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ஊரான் புள்ளைக்குத்தாண்டா அந்தப் பயமெல்லாம். உன்ற தொப்புள்கொடிய நர்சம்மா கத்திரியிலயே வெட்டிப்புட்டாங்க, அதுக்கே ஒண்ணும் அத்துப் போவல. எள்ளு என்னத்த அறுக்கப் போவுது, எரும."

எழிலன் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அத்தை, எனக்கும் கையிலயே குடுங்க" என்று உள்ளங்கையை நீட்டினான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் வைத்திருந்த முகம்.

அம்மா தட்டை அவன் பக்கமே நகர்த்தினாள். "நீ தட்டுலயே எடுத்துக்க கண்ணு."

"கண்ணு" என்ற சொல்லை அன்று முழுசாக அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். உருண்டை லேசாகக் கசந்தது. கையை நக்கி நக்கித் தின்றேன், அவன் பார்க்கும்படி.