அனுசுயா கைவிட்ட பாடம்

எங்கள் வேலம்பாளையம் காம்பவுண்டில் எட்டு வீடுகள். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எட்டு வீட்டுக்காரர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: டோட்டல் எவ்வளவு? எந்தப் பாடம் எதற்கு உதவும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் எனக்கும்தான் தெரியாது. ஆனால் ஆயிரத்து இருநூறுக்கு எவ்வளவு என்று கேட்டு ஒரு பிள்ளையை எடைபோட்டுவிடுவோம். எனக்கு அந்தப் புத்தி தெளிந்தது அனுசுயாவால்தான்.

அனுசுயா பக்கத்து வீட்டுப் பெண். அவள் அப்பா பெரியகருப்பன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கட்டிங் மாஸ்டராக உயர்ந்தவர். அம்மா ராமாயி டெய்லர். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருவதற்குள் ஊரே அடங்கிவிடும். அதனால் அவளுக்குப் பேச்சுத் துணை நான்தான்.

டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தாவது முடித்ததும் கணக்கு இல்லாத அறிவியல் குரூப்பைத்தான் கேட்டாள். பெரியகருப்பன் விடவில்லை. அவருக்குத் தொழில்தான் வேதம். ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் அதற்கு மேலே கொஞ்சம் கூடுதலாக வெட்டிவைப்பார்கள். ஓட்டை, கறை என்று கழிந்தாலும் ஷிப்மென்டில் குறையக் கூடாது.

“கணக்கு எக்ஸ்ட்ரா கட்டிங் மாதிரி தாயி. டாக்டருக்குக் கெடைக்கலேன்னா இன்ஜினியருக்குப் போயிரலாம்” என்று சொல்லி, கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப்பில் போட்டுவிட்டார். மிஞ்சிப்போன எக்ஸ்ட்ரா பீஸெல்லாம் காதர்பேட்டைக் கழிவுத்துணிக் கடைகளில் கிலோ விலைக்குப் போவது அந்த நேரம் மாஸ்டருக்கு ஞாபகம் வரவில்லை.

பன்னிரண்டாவதில் கணக்கு அந்தப் பெண்ணைப் பிழிந்தெடுத்தது. உட்கார்ந்தால் கணக்கு, எழுந்தால் கணக்கு. அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடமும் அரைகுறை. டாக்டர் சீட்டுக்கு ஆகிற மார்க் ஒன்றில்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அக்கா, நான் கணக்க விடப்போறேன்.”

“உடறதுன்னா? பரீச்சைக்கே போகாமயா கண்ணு?”

“போவேன். பாஸ் மட்டும் பண்ணுவேன். நுழைவுத் தேர்வத்தான் எடுத்துட்டாங்கள்ல? இப்ப டாக்டர் சீட்டுக்குப் பாக்குறது உயிரியல், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். கணக்கு மார்க்கச் சேக்கவே மாட்டாங்க. இருநூறுக்கு எழுவது வாங்குனா பாஸ். அணிகள், வெக்டர், அப்பறம் புத்தகத்துல இருக்குற ஒரு மார்க் கேள்வி. அம்புட்டுதான் படிப்பேன். மிச்ச நேரமெல்லாம் அந்த மூணு பாடத்துக்கு.”

“எழுவதுக்குக் கீழ போயிருச்சுன்னா?”

“பிளஸ் டூவே பெயில். டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பல மாதமாக அழுது வடிந்த முகம் அன்றைக்குத்தான் தெளிந்திருந்தது. சரி கண்ணு என்று சொல்லிவிட்டு, சோப்புப் போட்ட சேலைக்கே மறுபடியும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியகருப்பன் அவளைத் தினமும் வண்டியில் கூட்டிப்போய்க் கணக்கு டியூஷனில் இறக்கிவிடுவார். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்துக்கு மேலே விலங்கியலை விரித்துக்கொள்வாள். அங்கே கூட்டமான கூட்டம். வாத்தியாருக்குப் பாதிப் பேரின் முகமே தெரியாது. டியூஷனுக்குப் பணம் கட்டிய மனுஷனோ டீக்கடையில் உட்கார்ந்து, “எம் மக கணக்குல நூத்தித் தொண்ணூறுக்குக் கொறைய மாட்டா” என்று அளந்துகொண்டிருந்தார்.

கணக்குப் பரீட்சை முடிந்து வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. பெரிதும் நம்பியிருந்த வெக்டர் கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டதாம். “எழுவது வருமான்னு தெரியலக்கா” என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் ஓட்டை பனியனையெல்லாம் நல்ல பனியனோடு சேர்த்துப் போட்டு, சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டரில் நிற்க இடமில்லை. நான், அனுசுயா, பெரியகருப்பன், மகன் ரிசல்ட்டுக்காக வந்திருந்த எங்கள் வீட்டு ஓனர் கிட்டுசாமி, எல்லோரும் வாசலில் காத்திருந்தோம். பேப்பர் கைக்கு வந்ததும் அனுசுயாவின் கண் நேராகக் கணக்குக்குப் போனது. எழுபத்து நாலு.

“பாஸுக்கா!” என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் நானும் அழுதேன்.

பெரியகருப்பன் பேப்பரை வாங்கிப் பார்த்தார். எழுபத்து நாலைத் தாண்டி அவர் கண் நகரவில்லை.

“ஏனுங்க மாஸ்டர், டோட்டல் எத்தனைங்க? நம்ம பையன் ஆயிரத்தி நூறுங்க” என்றார் கிட்டுசாமி.

பெரியகருப்பன் மகளிடம் வந்து தலையைத் தடவினார். “அழுவாத தாயி. போனா போகுது. வேற ஏதாச்சும் படிப்போம். அப்பா இருக்கேன்ல?” என்றார். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

“அப்பா, மத்த மூணையும் பாருங்கப்பா.”

மூன்று பாடமும் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தன. அங்கேயே நின்று, கணக்கை விட்ட கதை முழுவதையும் சொன்னாள். அவர் தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. சென்னைக்குக் கவுன்சலிங் போய், அரசு மருத்துவக் கல்லூரியில் சீட்டு என்று கையில் வாங்கிய பிறகுதான் நம்பினார்.

ஊர் திரும்பிய அன்று ராமாயி எங்கள் எல்லோருக்கும் கறிச்சோறு போட்டாள். பெரியகருப்பன் சோற்றைப் பிசைந்தபடி மகளைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஆத்தா?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களாப்பா?”

அவருக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

“விட்டிருக்க மாட்டேன்தான். கணக்குக்கு இன்னொரு டியூஷன் சேத்து வச்சிருப்பேன்” என்றார்.