மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்ன வெர்னெட்டா

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தால் பட்டத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். வெர்னெட்டா கெய்ன்ஸ் ஒன்பது வருஷமாகியும் நகரவில்லை. மரமண்டை என்று நினைத்துவிடாதீர்கள். கீழ்த்தளத்து விசாரணை மேசையில் மாணவர்தான் வேலை பார்க்கலாம் என்பது விதி. பட்டம் வந்தால் மேசை போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மேசையில் அவள் ராணி. இலவச மளிகை அறை எப்போது திறக்கும், வகுப்பு நேரத்தில் பிள்ளையை எங்கே விடலாம், எந்த ஆலோசகர் அழுதால் இளகுவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாற்பத்தாறு வயது மாணவியை முதல்வரே "மிஸ் வெர்னெட்டா" என்றுதான் கூப்பிடுவார். இதை விட்டுவிட்டுப் போக அவளுக்கென்ன பைத்தியமா?

ஆகவே பருவத்துக்கு ஒரு வகுப்பு என்று ஓட்டினாள். பானை வனைந்தாள், நீச்சல் அடித்தாள், பிரெஞ்சில் காபி கேட்கக் கற்றாள். பட்டத்துக்கு மிச்சமிருந்த கணக்குப் பாடத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போன பருவம் 'பேஸ்பாலும் எண்களும்' என்று ஒரு வகுப்பு வந்தது. பேஸ்பால் என்றால் அவளுக்கு உயிர். ஆட்டக்காரர்களின் சராசரியை வைத்து வாத்தியாரிடமே மல்லுக்கு நின்று 'ஏ' கிரேடு வாங்கிவிட்டாள்.

மே மாதம் ஆலோசகர் ஜூரெக் வாயெல்லாம் பல்லாக மேசைக்கு வந்தார்.

"மிஸ் வெர்னெட்டா, உங்களுக்குப் பட்டம் வந்திருச்சு."

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்க வேணாம். எல்லாப் பாடமும் முடிஞ்சா கம்ப்யூட்டரே கொடுத்திரும். அந்த பேஸ்பால் வகுப்பைக் கணக்குப் பாடமா சேத்துட்டாங்க. புதுப் பாடப்பட்டியல்ல இருக்கே, பாக்கலையா?"

ஊருக்கெல்லாம் பாடப்பட்டியலை நீட்டுகிறவள், தனக்கென்று அதைப் புரட்டிப் பார்த்திருக்கவில்லை.

"திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க."

"அது எப்படி மிஸ்? வெள்ளிக்கிழமையிலிருந்து மேசைக்கு வேற ஆளு."

ஜூரெக் போனதும் வெர்னெட்டா நேரே மதிப்பெண் முறையீட்டு வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால், வேதியியலில் தோற்றுப்போன நகரப் பேருந்து ஓட்டுநர் டெரோன்.

"உங்களுக்கும் ஊத்திக்கிச்சா மிஸ்?"

"ஏ வந்திருக்கு."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

"ஃபெயிலாக்கச் சொல்லணும்."

"அந்த ஏ வேணாம்னா இந்தப் பக்கம் தள்ளுங்க," என்றான் டெரோன். வரிசையே சிரித்தது.

அவன் படிவத்தை அவள் எட்டிப் பார்த்தாள். காரணம் என்ற இடத்தில், வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது என்று எழுதியிருந்தான்.

"இது செல்லாதுப்பா. பருவத்துக்குப் பாதியில உன் ஷிப்டை மாத்துனாங்கல்ல? அதை எழுது, தேதியோட எழுது. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

பிறகு தன் படிவத்துக்கு வந்தாள். பேனா நகரவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் அவள் ஒரு நடுவயதுப் பெண், அவ்வளவுதான். இனி மேலே படிக்கப் பெரிய பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கழிப்பறை எங்கே என்று அவள்தான் கேட்டு நிற்க வேண்டும். கடைசியில், பயமாக இருக்கிறது என்று எழுதி நீட்டினாள்.

ஜன்னலில் இருந்தவர் படித்துவிட்டு நிராகரிப்பு முத்திரையைக் குத்தினார். குரல் மட்டும் தணிந்தது. "மேற்படிப்பு உதவி அறைக்குப் போங்க மிஸ் வெர்னெட்டா. ரெண்டாவது மாடி. வழி தெரியுமில்ல?"

"யாருகிட்ட கேக்குறீங்க?"

ஆயிரக்கணக்கான பேரை அந்த அறைக்கு அனுப்பியவள் அவள். படியேறி இடதுபக்கம் திரும்பிக் கதவைத் திறந்தாள். வாளி, துடைப்பம், தரை துடைக்கிற மாப்பு. திகைத்துப்போய்க் கதவைச் சாத்தி, வலதுபக்கம் நடந்தாள்.

அந்த அறையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "துடைப்பத்தைப் பாத்துட்டு வர்றீங்களா? எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. கீழ யாரோ ஒரு மகராசி எல்லாரையும் இடதுபக்கம்னே அனுப்புறா."

வெர்னெட்டாவுக்கு முகம் சுட்டது. அந்த மகராசி யாரென்று அவள் சொல்லவில்லை.

"சரி, எங்க போகணும் உங்களுக்கு?"

முத்திரை குத்திய படிவத்தை வெர்னெட்டா நான்காக மடித்தாள்.

"தெரியல," என்றாள். அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல்முறை.

"தெரியாதவங்களுக்குத்தான் இந்த ரூமே," என்று அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெர்னெட்டா உட்கார்ந்தாள்.