முள் எழும்பாத கார்

ஈரத்துணி பட்டதும் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வரும்... வண்டிகளின் புகைக்குழாய்க்குள் விட்டு எடுத்த கம்பியைத் துடைக்கும்போது. கூடவே கரியும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. என் முதல் வேலை என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

இராஜபாளையத்தில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. புகை சோதிக்கும் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நான். காலேஜ் முடித்த கையோடு சேர்ந்திருந்தேன்.

ஐப்பசி மாதம். மலைப் பக்கமிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்த காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஞானமுத்து ஐயா தன் பழைய பெட்ரோல் காரில் வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் அவர் மனைவி எஸ்தர் அம்மா.

காருக்குப் பதினைந்து வருடம் முடியப்போகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். கிடைக்காவிட்டால் காயலான் கடைதான். வெளியூரில் இருந்த மகன் வேறு, “தள்ளி விட்ருங்கப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

சோதித்தேன். கார்பன் மோனாக்சைடு இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு.

“ஏம்மா, இந்த மெஷினை எப்ப ரிப்பேர் பாத்தீங்க?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு ஐயா. இப்பத்தான் ரெண்டு வண்டி பாஸாச்சு.”

“எங்க ஊர்லயும் இதே பாட்டுத்தான் படிச்சாவ. என் வண்டிய எனக்குத் தெரியாதா?”

சத்தம் முதலாளி காதில் விழுந்துவிட்டது. “இன்னொரு தடவை கம்ப்ளெய்ன்ட் வந்தா மெஷினை மாத்த மாட்டேன், ஆளைத்தான் மாத்துவேன்” என்றார். அன்று முழுக்க எனக்கு ஐயா மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த வாரம் ஐயா திரும்ப வந்தார். ஸ்பார்க் பிளக், ஏர் பில்டர் எல்லாம் புதிது. ரிசல்ட் மட்டும் பழையதுதான்.

எஸ்தர் அம்மா மெதுவாகச் சொன்னார். “ஏங்க, வேற வண்டியில குழாயை விட்டு நம்ம நம்பருக்குச் சீட்டு குடுக்காவளாமே...”

“ஏட்டி, கள்ளச்சீட்டு வாங்கவா இம்புட்டு வருஷம் பட்டாளத்துல கெடந்தேன்?”

அந்த ஒரு வார்த்தையில் அவர் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

மூன்றாவது தடவைதான் அதிசயம். அளவு பாதியாகக் குறைந்து, பாஸாவதற்கு மயிரிழைதான் பாக்கி.

“இப்ப என்ன வேலை பாத்தீங்க ஐயா?”

“ஒண்ணும் பாக்கல. ரயில்வே கேட்ல செத்த நேரம் மாட்டிக்கிட்டேன், அம்புட்டுத்தான்.”

“இன்ஜினை ஆஃப் பண்ணலையா?”

“பேட்டரி வீக்கும்மா. ஆஃப் பண்ணினா பொறவு நீதான் வந்து தள்ளணும்.”

எனக்குள் ஏதோ தட்டியது. “ஐயா, சிரமம் பாக்காம தென்காசி ரோட்டுல ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்களேன்.”

முனகிக்கொண்டே போய் வந்தார். மறுபடியும் இரண்டு மடங்கு!

நின்றால் புகை சுத்தம். ஓடினால் அழுக்கு. உலகத்தில் எந்த வண்டி இப்படி? ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் அடியிலேயே கிடந்தது.

“இந்த முள்ளு எந்திரிக்கவே செய்யாதா?”

“ஏழெட்டு வருஷமா அது படுத்தேதான் கெடக்கு தாயி” என்றார் எஸ்தர் அம்மா.

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது நான் வண்டிய வச்சிருக்க பக்குவம். என் வண்டி சூடே ஆகாது!”

மெஷின் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த இன்ஜினைச் சோதிக்கக் கூடாது.

“அதான் ஐயா வியாதி. சூடு ஏறலைன்னா, வண்டிக்குள்ள இருக்க கம்ப்யூட்டர் இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணியிருக்காங்கன்னு நெனச்சு பெட்ரோலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும். ரயில்வே கேட்ல காத்து படாம நின்னதுல கொஞ்சம் சூடேறியிருக்கு, அதான் புகை குறைஞ்சுச்சு. இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டர் தண்ணியத் தடுத்து வைக்க தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு இருக்குமே... அது இருக்கா?”

ஐயா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கழட்டச் சொல்லிட்டேன்மா.”

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயில். எஸ்தர் அம்மாவை நெஞ்சு வலிக்கு மதுரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து கார் நின்றுவிட்டது. ஒதுங்க நிழலில்லை. ரோட்டோரத்தில் அந்த அம்மா மயங்கி விழ, பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அதே வாரம் மெக்கானிக்கிடம் சொல்லி வால்வைக் கழற்றிவிட்டார். தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும், இனி இந்த வண்டி சூடாகவே கூடாது என்று.

“இதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே” என்றார் எஸ்தர் அம்மா.

“சொன்னா உனக்கு அந்த நாளு ஞாபகம் வரும்லா.”

கியர் மேல் இருந்த அவர் கைமீது அந்த அம்மா தன் கையை வைத்தார். நான் உள்ளே போய், நேராக இருந்த பேப்பர் கட்டை இன்னொரு தடவை நேராக்கினேன்.

சில நாளில் ஐயா ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது வால்வு மாட்டிக்கொண்டு வந்தார். கார் ஓடி வந்த கையோடு சோதித்தேன். பாஸ்.

“நல்ல மெஷின்யா இது!” என்றார் முதலாளிக்குக் கேட்கும்படி. “புள்ள அதை விட நல்ல புள்ள.”

பதிவைப் புதுப்பித்ததைச் சொல்லவே பிறகு ஒருநாள் இருவரும் வந்தார்கள். மதுரைக்கும் போய் வந்திருந்தார்கள். “அவிய எங்க ரோட்டைப் பாத்தாவ? வழி பூரா அந்த முள்ளைத்தான் பாத்துக்கிட்டு வந்தாவ” என்று எஸ்தர் அம்மா சிரித்தார்.

இப்போது நான் இருப்பது வேறு ஊர். போன மாதம் என் காரைச் சோதனைக்கு எடுத்துப் போனேன். இறங்கக்கூட வேண்டாம் என்றாள் அங்கிருந்த பெண். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தாள், கம்பியைத் தொடாமலேயே இரண்டு நிமிடத்தில் சான்றிதழை நீட்டினாள்.

“பெயிலாச்சுன்னா என்னம்மா செய்வீங்க?” என்று சும்மா கேட்டேன்.

“எதுவும் பெயிலாகாதுக்கா” என்றாள்.

அன்றைக்கு நானும் அப்படி ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஐயா அத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்ததை எஸ்தர் அம்மா கடைசிவரை கேட்டிருக்கவே மாட்டார்...