உருண்டு நின்னப்புறமும் கேக்கற பந்து

ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வந்தப்ப நான் ஒர்க்‌ஷாப்புல லேத்து முன்னால நின்னுக்கிட்டிருந்தேன். "ஸ்டெல்லாம்மா போயிட்டாங்க சார்"ன்னார். சரின்னேன். மிஷினை நிறுத்தி, உளியைத் துடைச்சு வச்சுட்டு, கை கழுவப் போனேன். சோப்பு எங்கன்னு அவர்கிட்டயே கேட்டேனாம். டைபாய்டு. இறங்கிடும்னு டாக்டர் சொல்லியிருந்த காய்ச்சல்.

சாந்தோம்ல உங்க பசங்களுக்குப் பாடம் எடுத்த ஸ்டெல்லா டீச்சர்தான் என் மனைவி. வீட்ல 'அவ'ன்னே சொல்லிப் பழகினவன், எழுத உக்காந்தா 'அவங்க'ன்னுதான் கை போகுது. சர்ச் பங்குக்காரங்க நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீங்க. அவங்களைத் தெரியாதவங்களுக்கு ஒரு பந்தைப் பத்திச் சொன்னா போதும்னு நினைக்கிறேன்.

கல்யாணமான புதுசுல ஒரு நாள் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் கேட்டாங்க: "என்னங்க, காதால பார்க்கிற மாதிரி ஒரு பந்து பண்ண முடியுமா?"

அவங்க பிடிவாதமா ஸ்கூல்ல சேர்த்த குப்பத்துப் பொண்ணு ஒருத்தி, லூர்து மேரி. பிறவியிலேயே கண் தெரியாது. மத்த பசங்க பந்தாடறப்ப சுவரோரமா உக்காந்திருப்பா.

நான் என்ஜினீயரிங் படிச்சவன். சுலபம்னு நினைச்சு, மரத்தைக் குடைஞ்சு உள்ள சலங்கை மணி போட்டுக் குடுத்தேன். உருளுற வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு. பந்து நின்னதும் சத்தமும் நின்னுடுச்சு. ஓடிவந்த லூர்து பாதியில நின்னுட்டா. "டீச்சர், பந்து எங்க பூட்ச்சு?" ஒரு பையன் போய் எடுத்து, "பாவம், இந்தா"ன்னு அவ கையில வச்சான்.

அன்னிக்கு வீட்ல டீச்சர் சாப்பிடலை. "பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்ற பாவமும் இதுவும் ஒரே வார்த்தைங்க. அந்தப் புள்ள என்ன பண்ணிட்டா, பாவம் பாவம்னு தலையில கட்டறதுக்கு?" அப்புறம் என் பந்து பக்கம் திரும்பினாங்க. "மத்த பசங்களும் எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கணும். அப்பதான் அது விளையாட்டு சாமான். இல்லைன்னா மருந்து."

யுத்த காலம், புது டைம்பீஸ் கிடைக்காது. மயிலாப்பூர் மாட வீதிக் கடிகாரக்காரர்கிட்ட கண்ணாடி போன பழசு ஒண்ணு வாங்கினேன். அதோட மிஷினை சைக்கிள் ட்யூப்ல சுத்திப் பந்துக்குள்ள வச்சேன். பந்து நின்னாலும் டிக் டிக் நிக்காது. அவங்க முந்தானையால கண்ணைக் கட்டிக்கிட்டு, "உருட்டுங்க"ன்னாங்க. உருட்டினேன். தடவித் தடவிப் போய் அலமாரியில முட்டிக்கிட்டாங்க.

"நீங்க கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அதான். என்ஜினீயர் சார் கண்ணாலயே கேட்டிருக்கார்."

சத்தம் வர்ற ஓட்டையை ஒரே பக்கமா போட்டிருந்தேன். அந்தப் பக்கம் தரையில கவுந்தா சத்தம் அமுங்கிடுது. சுத்திலும் ஓட்டை போட்டேன். மறுபடி உருட்டினப்ப கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்துட்டு வந்து, கண்கட்டை அவுக்காமலே சிரிச்சாங்க. "லூர்துகிட்ட ஆச்சுன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை எடுத்துட்டுப் போறேன்."

ஞாயித்துக்கிழமை காய்ச்சல் வந்துடுச்சு.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் என்னைப் பார்த்து, "பாவம், சின்ன வயசு"ன்னாங்க. யாரோ என் கையில எதையோ வச்சுட்டுப் போற மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் பந்துக்குச் சாவி குடுத்து உருட்டிவிட்டுட்டு உக்காந்திருப்பேன். விளக்கு ஏத்தமாட்டேன். டிக் டிக்குக்கு நடுவுல தரையில புடவை உரசற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரம் அலமாரிகிட்ட, கொஞ்ச நேரம் கட்டில்கிட்ட. காத்துன்னு சொல்லிக்குவேன். ஜன்னல் சாத்தித்தான் இருக்கும்.

ஏழாம் நாள் பூசை முடிஞ்ச சாயங்காலம் லூர்து அவ அம்மாவோட வாசல்ல வந்து நின்னா.

"சார், டீச்சர் பந்து ஆச்சுன்னாங்களே. அது வூட்ல கீதா?"

"இன்னும் முடியலைம்மா"ன்னேன். குடுத்துட்டா அந்தப் புடவைச் சத்தமும் போயிடும்.

"உள்ள கேக்குதே சார்."

"சும்மா இருடி, வாயாடிக்கினு. சார் துக்கத்துல கீறாரு"ன்னு அவ அம்மா அதட்டினாங்க.

லூர்து அம்மா கையை உதறிட்டு உள்ள வந்தா. நான் எழுந்திருக்கலை. கூடத்து நடுவுல நின்னு தலையைச் சாய்ச்சுக் கேட்டா. நாற்காலியைத் தொட்டு விலகினா. கட்டில்கிட்ட போய்க் குனிஞ்சு, அடியில தவழ்ந்து போனா. யாரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு சொல்லலை. தலையெல்லாம் ஒட்டடையோட, பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா.

"எட்த்துட்டேன்"ன்னா.

எங்கிட்ட சொல்லலை, அவ அம்மாகிட்டயும் சொல்லலை. அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னா. ஏன் அந்தப் பக்கம்னு நான் கேக்கலை.

"எடுத்துட்டுப் போம்மா. தினம் சாவி குடுக்கணும்"ன்னேன். வாசப்படி தாண்டற வரைக்கும் டிக் டிக் கேட்டுச்சு.

ஸ்டெல்லா, அந்தப் பந்துக்கு இப்ப ஸ்கூல்ல பெரிய அடிதடியாம். கண் தெரியற பசங்களை லூர்து வரிசையில நிக்க வைக்கிறாளாம். வீட்ல ஒரு சத்தமும் இல்ல. இருட்டுல நீ இனிமே எதையும் தேட வேண்டாம். இளைப்பாறு.