ஒரே நவநாள், ஆளுக்கொரு விண்ணப்பம்

குற்றால மலையடியில் எங்கள் கன்னியர் மடத்துக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ரிசார்ட் கட்ட இடம் தேடி வருகிறவர்களின் கண்ணெல்லாம் அதன்மேல்தான். எங்கள் சிஸ்டர் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை தென்காசியில் டயாலிசிஸ் நடக்கிறது. அந்தச் செலவுக்குத் தேங்காய்க் குத்தகைப் பணம் எந்த மூலைக்கு? தோப்பை விற்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஓயாத இழுபறி.

பேசிப் பேசி அலுத்துப்போய், மடத்துத் தலைவியான மதர் ஒன்பது நாள் நவநாள் செபம் வைத்தார். என்ன கருத்துக்காக, எதை வேண்டி என்று கேட்டதற்கு, தோப்பு விஷயமாக என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. அங்கேதான் கோட்டைவிட்டோம். ஒரே மெழுகுதிரியின் முன்னால் மூன்று பேர் விற்க வேண்டும் என்றும், மூன்று பேர் விற்கக் கூடாது என்றும் உருகி உருகிச் செபித்திருக்கிறார்கள். நானோ, முடிவெடுக்கும் வேலை என் தலையில் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் செபம் முடிந்து வெளியே வந்தால், தோப்பை வாங்கச் செங்கோட்டைக்காரர் ஒருவர் அட்வான்ஸ் பணத்தோடு வாசலில் நிற்கிறார். விற்கச் சொன்னவர்கள் ஆண்டவருக்கு நன்றி என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் இது சோதனை என்றார்கள். வந்திருப்பது வரமா சோதனையா என்று எதை வைத்துச் சொல்வது? அந்த மனிதர் பாவம், காபி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கை தூக்கச் சொன்னார் மதர். மூன்றுக்கு மூன்று. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தோப்பு ஊற்றிலிருந்துதான் கீழே வயல்களுக்குத் தண்ணீர் போகிறது. ரிசார்ட் வந்தால் அதெல்லாம் போச்சு. அதற்காக ஒரு மனுஷியின் வைத்தியத்தை நிறுத்துவதா? எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவளைச் சொத்துக்காரி மாதிரி தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் எங்கே போவேன்? கடைசியில் விற்க வேண்டாம் என்று கை தூக்கினேன். தூக்கிய பிறகும் குழப்பம் தீரவில்லை. சீசன் மாதங்களில் மடத்தின் முன்பக்கத்தைக் கார் நிறுத்த வாடகைக்கு விட்டு வைத்தியச் செலவைச் சமாளிக்கலாம் என்றார் மதர்.

நோயாளி சிஸ்டருக்குக் கஞ்சி கொண்டுபோனபோது முடிவைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. படுத்தபடியே அவரும் ஒன்பது நாளும் நவநாள் சொன்னாராம். "நீங்க என்ன கேட்டிய?" என்றேன்.

"தோப்பு போயிரக் கூடாது, என்னையும் சீக்கிரமா எடுத்துக்கிடும்னு கேட்டேன். பாதி குடுத்துட்டாரு. மீதியும் குடுப்பாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் அவர் மேலா, ஆண்டவர் மேலா, கை தூக்கிய என் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில டயாலிசிஸுக்கு ஆட்டோ வந்திரும். கெளம்பி இருக்கணும் நீங்க" என்றேன்.