நீலக் கோடு போட்ட சட்டை

வெளிநாட்டில் யாரோ என்னைப் பற்றிப் படம் போட்டுப் புத்தகம் அச்சடித்துவிட்டார்கள் என்று ஒன்பது வயதில் நம்பினேன். சிரிக்க வேண்டாம், ஆதாரம் இருந்தது.

அப்போது நாங்கள் அம்பத்தூர் மேனாம்பேட்டில் இருந்தோம். நசரத்பேட்டையிலிருந்து மாமா மகள் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்திருந்தாள். என் வயதுதான். கோலியில் என்னைத் தோற்கடிப்பாள். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவாள். நான் ஊதினால் எச்சில்தான் வரும். இதற்கெல்லாம் பழிவாங்க எனக்குக் கிடைத்தது அவளுடைய நிறம். அவள் ஊர்ப்பக்கம் ரோடு போட வரிசையாகத் தார் டின் அடுக்கியிருந்தார்கள். 'தார் டின்' என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் தெருவே அப்படிக் கூப்பிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எங்களோடு இருந்த சித்தி, சர்ச்சில் சண்டே ஸ்கூல் நடத்தினாள். ஒரு வெள்ளிக்கிழமை பழைய பேப்பர் கடையிலிருந்து இங்கிலீஷ் படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் இருவரையும் பாயில் உட்காரவைத்து, தமிழில் கதை சொன்னாள். ஒரு பள்ளிக்கூடம். மரத்தடியில் தனியாக ஒரு கறுத்த சிறுமி. அவளை நோக்கி விரல் நீட்டிச் சிரிக்கிறான் ஒரு பையன். அவன் போட்டிருந்தது நீலக் கோடு போட்ட சட்டை.

கிறிஸ்துமஸுக்கு எனக்கு எடுத்ததும் நீலக் கோடு போட்ட சட்டைதான்.

மாமா மகள்தான் என்னைப் பற்றி வெளிநாட்டுக்கு லெட்டர் போட்டிருக்கிறாள். லெட்டர் கப்பலேறிப் போய், படமாகி, அச்சாகி, பழைய பேப்பர் கடைக்கு வந்துசேர எத்தனை வருடம் ஆகும் என்றெல்லாம் தோன்றவில்லை. பயந்தவனுக்குக் கணக்கு வராது.

"இந்தப் பையன் ஏன் இப்டிப் பண்றான்?" சித்தி என்னைத்தான் பார்த்துக் கேட்டாள்.

நான் பாயிலிருந்து ஒரு கோரையை உருவினேன்.

"அவனுக்குப் பொழுது போவல," என்றாள் மாமா மகள்.

"சரி, அந்தப் பொண்ணுக்கு எப்டி இருக்கும்?"

"கடைசிப் பக்கத்தக் காட்டு அத்தே."

கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் பந்து விளையாடினார்கள். அதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டப்போவதாகச் சித்தி சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் க்ரேயான் டப்பாவைத் திறந்து, பக்கம் பக்கமாக அந்தச் சட்டைக்குச் சிவப்புப் பூசினேன். என் சட்டையை அரிசி டிரம்முக்குப் பின்னால் திணித்தேன். சாயங்காலம் மாடிப்படியில் மாமா மகள் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பட்டென்று மூடினாள்.

"இன்னாடா பாக்கற, போ."

கண்டுபிடித்துவிட்டாள், ஊரைக் கூட்டப்போகிறாள் என்று ஓடிவிட்டேன்.

மறுநாள் சர்ச் வேப்பமரத்தடியில் சித்தி புத்தகத்தை விரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, இந்தப் பொண்ணு மூஞ்சில இன்னா, சுண்ணாம்பா?" ஒரு பையன் சித்தியைக் கேட்டான்.

"பவுடர் அப்பிகினு கீதுடா. கல்யாணத்துக்குப் போவுது போல."

சிரிப்பு. கண்ணைத் திறந்தேன். எல்லாப் பக்கத்திலும் அந்தச் சிறுமியின் முகமும் கை கால்களும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தன. என் சிவப்புச் சட்டையை ஒருவரும் கவனிக்கவில்லை. என்னைவிடப் பெரிய களவாணி எவனோ இருக்கிறான், பிழைத்தேன் என்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். சித்தி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடச் சொன்னாள். மாமா மகள் பாடவில்லை.

அந்த வாரமே மாமா வந்து அவளை அழைத்துப்போனார். தண்ணி ஒத்துக்கலையாம் என்றாள் அம்மா. நம்பினேன்.

இப்போதும் பூவரச மரத்தைக் கண்டால் ஓர் இலை பறித்து ஊதிப் பார்க்கிறேன். தலை நரைத்தும் எச்சில்தான் வருகிறது. கல்யாண வீடுகளில் அவளைப் பார்ப்பதுண்டு. "நல்லா கீறியா?" என்பாள். பதிலுக்குக் காத்திராமல் வேறு பந்திக்குப் போய்விடுவாள்.

புத்தகம் நான் பிறப்பதற்கு முன்பே அச்சானது. உள்ளே ஆண்டு போட்டிருந்தது. லெட்டர் யாரும் போடவில்லை. அவள் போன மறுநாள் க்ரேயான் டப்பாவைத் திறந்தேன். வெள்ளைத் தாளில் தெரியாது என்பதால் அந்த வெள்ளைக் குச்சியை நான் தொட்டதேயில்லை. அது நகத்தளவு மிஞ்சியிருந்தது. வெள்ளை எங்கே என்று கேட்ட அம்மாவிடம், எலி தின்றுவிட்டது என்று சொன்னேன். மாமா மகள்தான் தேய்த்திருக்கிறாள், பக்கம் பக்கமாக, முகம், கை, கால் எல்லாம்.